மண்டபத்து அத்தை வீட்டுக் கூரைக்கு ஐம்பது வருடக் கணக்கு

ராமேஸ்வரத்துக்கு முன்னால் வரும் கடற்கரை ஊரான மண்டபத்தில் அத்தை வீட்டு அடுப்படியில் சீலிங் பெயர்ந்து விழுந்தது 2025 பொங்கலுக்கு மறுநாள். நல்லவேளையாக அந்நேரம் உள்ளே யாருமில்லை. விழுந்த துண்டு சாப்பாட்டுத் தட்டு அகலம், இரண்டு விரற்கடை கனம். அத்தை அனுப்பிய போட்டோவில் துண்டைவிட, அது விழுந்த இடம்தான் என்னைப் பயமுறுத்தியது. நான்கு கம்பிகள் வெளியே தெரிந்தன. அதில் ஒன்று நடுவில் அறுந்தே போயிருந்தது.

1994ல் மாமா பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. 800 சதுர அடி, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், ஐந்து அங்குலத் தளம், மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதித்த மேல்தளம். கடல் நடந்து போகிற தூரம்.

ஒரே வாரத்தில் மூன்று யோசனைகள் வந்து சேர்ந்தன. உள்ளூர்க் கொத்தனார், பெயர்ந்ததைக் கொத்திவிட்டுப் பூசிவிடலாம், அறுபதாயிரம் போதும் என்றார். ராமநாதபுரத்திலிருந்து வந்த பழுதுபார்ப்பு ஒப்பந்தக்காரர், துருவைச் சுரண்டி, கம்பிக்குப் பூச்சடித்து, பாலிமர் கலவை வைத்துக் கொடுக்க 400 சதுர அடிக்கு 2,30,000 ரூபாய் என்று எழுதிக் கொடுத்தார். சிங்கப்பூரில் இருக்கும் மச்சான், "மொத்தமா இடிச்சுட்டுப் புதுசாக் கட்டிருவோம். அம்மா இனிமேயாவது நிம்மதியா இருக்கட்டும்" என்றார். அத்தை என்னிடம் கேட்டது வேறு.

"மருமகனே, எதைச் செஞ்சா மறுபடி மறுபடி செய்ய வேண்டாம்?"

எஸ்டிமேட் போடுவதுதான் என் தொழில். ஆனால் நான் போடுகிற எஸ்டிமேட் எல்லாம் வீட்டுச் சாவியைக் கையில் கொடுக்கிற அன்றோடு முடிந்துவிடும். அத்தை கேட்டது அதற்கு அப்புறம் வருகிற கணக்கு. இதற்கு வெளிநாடுகளில் ஒழுங்கான முறைகள் இருக்கின்றன. ஐரோப்பியத் தரமான இ.என். 15978 ஒரு கட்டடத்தின் ஆயுளை ஏ, பி, சி என்று பிரிக்கிறது. பொருள் தயாராவதும் கட்டுவதும் ஏ, குடியிருக்கும் காலத்துப் பராமரிப்பும் மின்சாரமும் பி, இடித்து அகற்றுவது சி. பழைய இரும்பை விற்று உருக்குவதால் பின்னால் கிடைக்கும் லாபம் டி என்று தனியாக நிற்கும். பிரிட்டனில் கட்டட மதிப்பீட்டாளர்களுக்கான ரிக்ஸ் அமைப்பு 2023ல் வெளியிட்ட இரண்டாம் பதிப்பு வழிகாட்டி, கட்டடங்களுக்கு 60 வருடத்தைக் கணக்குக் காலமாக வைக்கிறது. நான் 50 வைத்தேன். அத்தையின் பேத்திக்கு இப்போது ஆறு வயது. அவள் 56 வயது வரை இந்தக் கூரைக்குக் கீழ் பயமில்லாமல் தூங்கவேண்டும் என்பதுதான் என் அளவுகோல்.

எக்செல்லைத் திறக்கும் முன்னால் கூரைக்கு என்ன நோய் என்று தெரிய வேண்டியிருந்தது. மதுரையில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கும் நண்பரிடம் கருவிகளைக் கடன் வாங்கிக்கொண்டு பிப்ரவரியில் போனேன். உடைந்த கான்கிரீட் முகத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தேன். காரத்தன்மை மிச்சமிருக்கும் இடம் அடர்ந்த இளஞ்சிவப்பாக மாறும், காற்றிலுள்ள கார்பன் டையாக்சைடு தின்றுவிட்ட இடம் நிறமே மாறாது. அடியிலிருந்து 22 மில்லிமீட்டர் வரை நிறம் மாறவில்லை. கம்பியோ 12 முதல் 18 மில்லியில் இருந்தது. அதாவது கம்பியைக் காக்க வேண்டிய காரம் அதைச் சுற்றி எங்குமே இல்லை. செப்பு சல்பேட் மின்வாயை வைத்து 24 புள்ளிகளில் மின்னழுத்தம் பார்த்தேன். மைனஸ் 350 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் அங்கே துரு நடந்துகொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. 17 புள்ளிகள் தாண்டின. பூச்சு விழாத, பார்க்க நன்றாக இருந்த படுக்கையறைச் சீலிங்கிலும் அதே கதை.

முடிவைத் தீர்மானித்தது உப்புச் சோதனைதான். டிரில் போட்டு மூன்று ஆழங்களில் தூள் எடுத்து ஆய்வகத்துக்குக் கொடுத்தேன். உப்பில் கம்பியை அரிக்கும் பகுதி குளோரைடு. கம்பியுள்ள கான்கிரீட்டில் அது ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456. எனக்கு வந்த விடை கம்பி ஆழத்தில் 1.4 கிலோ, தளத்தின் நடுவில் 1.1, மேல்பக்கம் 1.2. கடற்காற்று மட்டும் கொண்டுவந்த உப்பு என்றால் வெளிமுகத்தில் அதிகமாகவும் உள்ளே போகப்போகக் குறைந்தும் இருக்கவேண்டும். இங்கே நடுவிலும் கிட்டத்தட்ட அதே அளவு. பிறக்கும்போதே கலந்த உப்பு இது.

அத்தையிடம் கேட்டேன், கான்கிரீட் போட்டபோது எந்தத் தண்ணீர் என்று.

"எந்தத் தண்ணியா? அப்ப ஏது லாரித் தண்ணி? கொல்லைக் கிணத்துல இருந்து எறச்சுதான் ஊத்துனாக. உங்க மாமாவும் நாலு ஆளும் ராவெல்லாம் எறச்சாக."

கிணற்று நீரையும் சோதனைக்குக் கொடுத்தேன். லிட்டருக்கு 5,200 மில்லிகிராம் குளோரைடு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 அனுமதிப்பது 500. கன மீட்டருக்குச் சுமார் 200 லிட்டர் நீர் என்றால் 1.04 கிலோ குளோரைடு உள்ளே போயிருக்கும். ஆய்வகம் தந்த 1.1க்கு இது எவ்வளவு கிட்ட வருகிறது என்று பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். மாமா ராத்திரி முழுக்கக் கண்விழித்து இறைத்த நீர் அது.

தளம் முழுக்க உப்பு இருக்கும்போது ஒட்டுப்போடுவதில் ஒரு சிக்கல் உண்டு. கொத்தி எடுத்துப் புதுக் கலவை வைத்த இடம் நன்றாக இருக்கும். அதைச் சுற்றியுள்ள பழைய கான்கிரீட்டில் கம்பி முன்னைவிட வேகமாக அரிக்கும். இதுவரை அடுத்த பகுதிக்குப் பதிலாகத் தானே அரிபட்டுக்கொண்டிருந்த இடத்தை நாம் சரிசெய்துவிட்டோம், அதனால் துரு பக்கத்தில் தொடங்குகிறது. சில வருடங்களில் ஒட்டைச் சுற்றி வளையமாகப் பூச்சு விழும். கடற்கரை ஊர்களில் சன்ஷேடுகளை அண்ணாந்து பார்த்தால் இந்த வளையம் எங்கும் தெரியும். ஆகவே 2,30,000 ரூபாய் பழுதுபார்ப்புக்கு நான் ஏழு வருடம் ஆயுள் வைத்தேன். ஏழாம் வருடம் இன்னொரு முறை, பதினாலாம் வருடம் எப்படியும் தளத்தை எடுத்தாக வேண்டும். அறுபதாயிரம் ரூபாய்ப் பூச்சை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அது துருவை மூடி மறைக்கும், அவ்வளவுதான். ஒரு குழந்தை தூங்கும் அறைக்கு மேலே அதைச் செய்ய எனக்கு மனமில்லை.

நான்காவது வழி ஒன்று எனக்குத் தெரிந்தது. சுவரையும் அஸ்திவாரத்தையும் அப்படியே விட்டுவிட்டுத் தளத்தை மட்டும் இடித்து மறுபடி வார்ப்பது. சுவர்கள் திடமாக இருந்தன. கீழே மூன்றடிக்கு உப்புப் பூத்திருந்தது, அதைச் சுண்ணாம்புக் கலவையில் மறுபூச்சு செய்யலாம். அந்தச் செலவு எந்த வழியிலும் வரும் என்பதால் ஒப்பீட்டில் வைக்கவில்லை.

தளம் மாற்றும் செலவு இப்படி வந்தது. இடிப்பு, முட்டுக்கொடுப்பு 65,000. கான்கிரீட், கம்பி, சென்ட்ரிங் சேர்த்து 12.3 கன மீட்டருக்கு 2,58,000. மேலே நீர்க்காப்பு, வெள்ளை டைல்ஸ் 85,000. சீலிங் பூச்சு, வயரிங், பெயின்ட் 75,000. ஐந்து மாத வாடகை வீட்டுக்கு 30,000, நல்ல தண்ணீர் லாரிக்கு 12,000. மொத்தம் 5,25,000. முழுதும் இடித்துப் புது வீடு என்றால் சதுர அடி 2,400 கணக்கில் 19,20,000.

இங்கே நான் ஒரு தப்புச் செய்தேன், சொல்லியே ஆகவேண்டும். வருங்காலச் செலவை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வட்டி விகிதம் ஒன்று தேவை. வங்கிக் கடன் வட்டியை மனதில் வைத்து 10 சதவீதம் என்று அடித்தேன். ஒட்டு வழிக்கு 2.30 லட்சம், ஏழாம் வருடச் செலவின் இன்றைய மதிப்பு 1.18, பதினாலாம் வருடத் தளமாற்றம் 1.38, ஆக 4.86 லட்சம். புதுத் தளம் 5.25. ஒட்டுப்போடுவதே லாபம் என்று எக்செல் சொன்னது. அன்றிரவே அத்தைக்குப் போன் போட்டு, "பழுதுபார்த்துக்கலாம் அத்தை" என்றும் சொல்லிவிட்டேன்.

மறுநாள் டீ குடிக்கும்போதுதான் உறைத்தது. பதினாலு வருடம் கழித்துத் தளம் போட இன்றைய 5.25 லட்சம்தான் ஆகும் என்று வைத்திருக்கிறேன். வட்டியில் மட்டும் விலைவாசி ஏற்றம் முழுதாக உள்ளே இருக்கிறது. ஒரு பக்கம் விலையேற்றத்தைச் சேர்த்துவிட்டு மறுபக்கம் விட்டுவிட்டேன். செலவை இன்றைய விலையில் எழுதினால் வட்டியிலிருந்தும் விலையேற்றத்தைக் கழித்தாக வேண்டும். அத்தையின் பணம் அப்போது வங்கி வைப்பில் 7 சதவீதத்துக்குக் கிடந்தது. கட்டுமானச் செலவு வருடத்துக்கு 5 சதவீதம் ஏறும் என்று வைத்தேன். மிச்சம் 2 சதவீதம். அதைப் போட்டதும் ஒட்டு வழி 2.30, 2.00, 3.98 சேர்ந்து 8.28 லட்சம் ஆகிவிட்டது. ஐம்பதாம் வருடத்தில் அந்த வழியிலுள்ள தளத்துக்கு இன்னும் 14 வருட ஆயுள் மிச்சமிருக்கும், அதன் மதிப்பைக் கழித்தாலும் 7.73. புதுத் தளத்தைவிட இரண்டரை லட்சம் அதிகம். வட்டி 8 சதவீதத்துக்கும் 9க்கும் நடுவே எங்கோதான் இரண்டு வழியும் சமமாகிறது. வாழ்நாள் செலவுக் கணக்கு போடுகிறவர்கள் எல்லோரையும் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், அந்த ஒரு கட்டத்தில் என்ன எண் போட்டீர்கள், ஏன் போட்டீர்கள் என்று பக்கத்திலேயே எழுதி வையுங்கள். நான் எழுதாததால் ஒரு வயதான மனுஷிக்கு ஒருநாள் முழுக்கத் தப்பான பதிலைச் சொல்லி வைத்திருந்தேன்.

அடுத்து கார்பன், அதாவது ஒவ்வொரு வழியும் காற்றில் விடும் கார்பன் டையாக்சைடு. இதைப் பார்த்து மச்சான், "வீட்டுக்கு எதுக்குங்க இந்தக் கணக்கு" என்று கேட்டார். மண்டபத்தில் நின்றுகொண்டு கடலைப் பார்க்கிறவனுக்கு இந்தக் கேள்வியே எழாது என்பது என் எண்ணம்.

சிமென்ட்டிலிருந்து தொடங்குகிறேன். சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் நூறு கிலோவுக்கு 44 கிலோ கார்பன் டையாக்சைடாகப் பறந்துவிடும். எரிக்கிற நிலக்கரி அதற்கு மேலே. சாதாரண ஓ.பி.சி. சிமென்ட் ஒரு கிலோவுக்கு 0.9 கிலோ என்று வைத்தேன். சாம்பல் கலந்த பி.பி.சி.க்கு 0.65. இரும்பாலைக் கசடு பாதியளவு கலந்த ஸ்லாக் சிமென்ட்டுக்கு 0.5. கம்பிக்கு 2.6, நம் நாட்டில் இரும்பு பெரும்பாலும் நிலக்கரியில் உருகுவதால் இந்த எண் உயரம். இவையெல்லாம் 2017ல் உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி. வெளியிட்ட இந்தியக் கட்டுமானப் பொருள் தரவு போன்றவற்றைப் பார்த்து நான் தோராயமாக்கிக்கொண்ட எண்கள். ஆலைக்கு ஆலை மாறும், அதனால் ஒவ்வொன்றையும் கூட்டியும் குறைத்தும் போட்டு விடை தலைகீழாகிறதா என்று பார்த்தேன். கம்பியை 2.0 ஆக்கினால் மொத்தத்தில் அரை டன் குறைகிறது, வழிகளின் வரிசை மாறவில்லை.

புதுத் தளத்துக்கு ஸ்லாக் சிமென்ட் 94 மூட்டை, 2.35 டன் கார்பன். கம்பி 900 கிலோ, அதுவும் கிட்டத்தட்ட அதே அளவு, 2.34 டன். கல்லும் எம்-சாண்டும் சேர்த்து 22 டன் எடை, கார்பனோ வெறும் 0.18 டன். ஆனால் அதைக் கொண்டுவருவது அப்படியில்லை. இந்தப் பக்கம் கருங்கல் கிடையாது. மதுரைப் பக்கமிருந்து டிப்பர் வரவேண்டும், போக வர 300 கிலோமீட்டர். டிரைவரிடம் கேட்டேன், லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று. "லோடு போறப்ப ரெண்டரை, காலியா வர்றப்ப மூணே முக்கால், சராசரி மூணு வச்சுக்கங்க" என்றார். நூறு லிட்டர் டீசல். லிட்டருக்கு 2.68 கிலோ வீதம் ஒரு நடைக்கு 268 கிலோ. இரண்டு நடைக்கு 0.54 டன். கல்லை வெடித்து உடைத்து அரைத்த கார்பனைப் போல மூன்று மடங்கு, அதைச் சாலையில் உருட்டிக்கொண்டு வந்ததற்கு! சராசரித் தூரம் போட்டுக் கணக்கிடும் எந்த மென்பொருளும் மண்டபத்துக்கு இதைச் சரியாகச் சொல்லாது.

சிமென்ட், கம்பி வந்த லாரிக்கு 0.1. சீலிங் பூச்சும் மேல்தள டைல்ஸும் 1.11. இடித்து அகற்றியது 0.21. மொத்தம் 6.8 டன். ஒட்டுப்போடுவது ஒரு தடவைக்கு ஒரு டன்னுக்குச் சற்று மேல், ஆக ஒட்டு வழி ஐம்பது வருடத்தில் 8.9 டன். மிச்ச ஆயுளைக் கழித்தால் 7.0. கார்பனில் இந்த இரண்டுக்கும் பெரிய பேதமில்லை, அங்கே முடிவைச் சொன்னது பணமும் பாதுகாப்பும்தான். முழு வீட்டையும் இடிப்பதுதான் வேறு உயரம். 320 மூட்டை பி.பி.சி., மூன்று டன் கம்பி, 16,000 செங்கல், இவை மட்டுமே 28 டன்னைத் தொடுகின்றன. மணல், ஜல்லி, லாரி, டைல்ஸ் சேர்த்தால் 30ஐத் தாண்டும். திடமாக நிற்கும் சுவரை இடித்துவிட்டு அதே மாதிரி சுவரைக் கட்டுவதற்கு 23 டன்.

மின்சாரத்தையும் எடுத்துப் பார்த்தேன், விட்டுவிட்டால் கணக்கு நேர்மையாக இராது. அத்தை வீட்டுக்கு இரண்டு மாத பில்லில் 300 யூனிட் வருகிறது, வருடத்துக்கு 1,800. நம் நாட்டு மின்கட்டமைப்பில் யூனிட்டுக்கு 0.7 கிலோவை ஒட்டி வருகிறது என்பது மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கு. வருடத்துக்கு 1.26 டன். ஐந்தரை வருட மின்சாரமும் ஒரு புதுக் கூரையும் ஒன்று. ஐம்பது வருடத்துக்குப் பெருக்கினால் 63 டன் வரும், ஆனால் அப்படிப் பெருக்குவது சரியில்லை. காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடக்கூட அந்த 0.7 இறங்கும். இன்று சுட்ட சிமென்ட்டின் புகை இன்றே மேலே போய்விட்டது, அது இறங்காது. அதனால் இரண்டையும் ஒரே கூட்டலில் போடாமல் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். பழைய ஜல்லித் தளம் போனால் படுக்கையறையில் வெக்கை கூடி ஏ.சி. அதிகம் ஓடும் என்பதால்தான் மேலே வெள்ளை டைல்ஸ். பின்னால் சோலார் பலகை வைப்பதானால் அதற்கான மேடைகளும் இப்போதே தளத்தோடு வார்க்கவேண்டும், நீர்க்காப்பு போட்ட தளத்தில் பிறகு டிரில் போடக்கூடாது.

இத்தனைக்கும் மேலே ஒரு கேள்வி இருந்தது. புதுத் தளம் 50 வருடம் நிற்குமா? பழையது 30தானே நின்றது. அப்படியே இதுவும் போனால் என் கணக்கில் இன்னொரு 6.8 டன்னும் இன்னொரு 5.25 லட்சமும் ஏறும், எல்லா விடையும் பொய்யாகும்.

உப்பு கம்பியை அடைய எடுக்கும் காலம், கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனத்தை வர்க்கப்படுத்தினால் எவ்வளவோ அவ்வளவு மடங்காக நீளும். மூடாக்கு என்று சொல்கிற இந்தக் கனம் இரண்டு மடங்கானால் காலம் நான்கு மடங்கு. கடற்கரைச் சூழலைக் கடுமையானது என்று வகைப்படுத்தும் ஐ.எஸ். 456, கம்பிக்கு 45 மில்லி மூடாக்கு கேட்கிறது. எம்-35 தரமோ (28ஆம் நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 35 நியூட்டன் தாங்கும் கான்கிரீட்) அதற்கு மேலோ போட்டால் 5 மில்லி குறைக்கலாம். எம்-35 போட்டு 40 மில்லி என்று முடிவு செய்தேன். அதற்குத் தளம் ஐந்து அங்குலத்திலிருந்து ஆறாகவேண்டும். எடை கூடுமே என்ற பயத்துக்கு இடமில்லை, மேலே இருந்த ஜல்லிச் சுண்ணாம்புத் தளத்தை எடுத்ததில் சுவருக்குச் சுமை முன்னைவிடக் குறைந்துதான் போனது. கூடுதலாக ஓர் அங்குலத்துக்கு 1.85 கன மீட்டர் கான்கிரீட், சுமார் 16,000 ரூபாய், 0.38 டன் கார்பன். முதல்நாள் எஸ்டிமேட்டை மட்டும் பார்த்து கார்பனைக் குறைக்கப் போகிறவர் முதலில் வெட்டுவது இந்த அங்குலத்தைத்தான். கூரை ஒன்றுக்கு 0.38 டன்னை மிச்சம் பிடித்து, முப்பதாம் வருடம் 6.8 டன்னைத் திருப்பிக் கட்டுவார்.

அந்த ஏப்ரலில்தான் பக்கத்திலேயே புதிய பாம்பன் பாலம் திறந்தார்கள். 1914ல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோயிருந்தது. புதியதில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு அந்தக் கம்பி விலைக்கு எட்டாது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி உருவாக்கிய சிமென்ட்-பாலிமர் பூச்சைக் கம்பிக்குப் பூசலாமா என்றும் யோசித்தேன். வளைக்கும்போதும் கட்டும்போதும் பூச்சு கீறாமல் பார்த்துக்கொள்ள எங்கள் ஆட்களுக்குப் பழக்கமில்லை, கீறிய இடத்தில் துரு குவிந்துவிடும். தடித்த மூடாக்கு, அடர்த்தியான ஸ்லாக் கான்கிரீட், நல்ல தண்ணீர், இந்த மூன்றோடு நின்றேன்.

ஜூனில் இடித்தார்கள். கிடைத்த கம்பி 610 கிலோ, கிலோ 30க்குப் பழைய இரும்புக் கடைக்குப் போனது. அந்த 18,300 ரூபாயை அத்தை வாடகைக்கு வைத்துக்கொண்டார்.

கம்பி கட்டி முடிந்த அன்று மதியம் மேலே ஏறிப் பார்த்தால் கம்பிக்கு அடியில் உடைத்த ஜல்லித் துண்டுகள். ஒன்று 20 மில்லி, ஒன்று 25, ஒன்று படுத்து 12. மூடாக்கு அளவுக்குக் கம்பியைத் தூக்கி நிறுத்த வாங்கிக் கொடுத்த 300 கவர் பிளாக் மூட்டை பிரிக்காமல் மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. ஒன்று நாலு ரூபாய், மொத்தமே 1,200 ரூபாய்ச் சாமான்.

"அண்ணே, பிளாக் வைக்கலையா?"

"அது ஒயரமா இருக்கு தம்பி. கம்பி மேல தூக்கிட்டு நிக்குது. நாங்க எப்பவும் இப்படித்தான் வைப்போம்."

கோபப்படவில்லை. அடுப்படிச் சீலிங்கிலிருந்து எடுத்து வைத்திருந்த பழைய துண்டைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். ஒரு பக்கம் பூச்சு, மறுபக்கம் கம்பி பதிந்த பள்ளம். பள்ளத்தில் துரு ஏடு ஏடாக இருந்தது. டேப்பை வைத்து அளந்து பார்த்தார். 14 மில்லி. "இதுதான்ணே அத்தை வீட்டு அடுப்படியில விழுந்தது" என்றேன். அவர் கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இரண்டு பையன்களைக் கூப்பிட்டு ஜல்லியை எல்லாம் பொறுக்கச் சொன்னார். அன்று மாலைக்குள் இரண்டரை அடிக்கு ஒன்று வீதம் 40 மில்லி பிளாக் எல்லா இடத்திலும் உட்கார்ந்துவிட்டது. பீம் பக்கவாட்டிலும் அவரே நினைவாகக் கட்டினார்.

கான்கிரீட் போட்ட அன்று ஜல்லியையும் மணலையும் தராசில் நிறுத்தோம். ஒரு மூட்டைக்கு 20 லிட்டர் தண்ணீர், குழைவுக்கு பிளாஸ்டிசைசர். மிக்சர்காரர் வழக்கப்படி கூட ஒரு வாளி ஊற்றக் கை நீட்டும்போதெல்லாம் அத்தை நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "வேணாம்ப்பா, மருமகன் வைவான்" என்று தடுத்துக்கொண்டிருந்தார். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியதும் லாரித் தண்ணீர்தான், 14 நாள். கிணற்று வாளியை அந்த நாட்களில் கயிற்றோடு கழற்றி உள்ளே வைத்துவிட்டோம். ஸ்லாக் சிமென்ட் மெதுவாகத்தான் இறுகும், ஏழாம் நாள் சோதனைக் கட்டி சதுர மில்லிமீட்டருக்கு 21 நியூட்டன்தான் தாங்கியது. ஆட்கள் முகம் சுளித்தார்கள். 28ஆம் நாள் 43 வந்தது. சென்ட்ரிங் பலகையை அதற்கப்புறம்தான் பிரிக்கவிட்டேன், வாடகை வீட்டில் கூட ஒரு வாரம் ஆனது.

உண்மையில் முடிந்த செலவு 5,61,000. எஸ்டிமேட்டைவிட 36,000 அதிகம். வயரிங் முழுக்க மாற்றவேண்டியதாகிவிட்டது, நான் பாதிதான் போட்டிருந்தேன். கார்பனில் டிப்பர் மூன்றாவது நடையும் வந்ததால் 6.8 என்பது 7.1 ஆனது. ஐம்பது வருடத் தாளில் இரண்டையும் திருத்திவிட்டேன், ஒட்டு வழியின் பதினாலாம் வருடத் தளமாற்றத்துக்கும் அதே திருத்தம். வரிசை அப்படியேதான் இருக்கிறது.

பூச்சு வேலைக்கு முன், மூடாக்கை அளக்கும் கவர் மீட்டரை வைத்துச் சீலிங் முழுக்க 60 இடங்களில் அளந்தேன். பெரும்பாலும் 38லிருந்து 43. மாடிப்படித் திருப்பத்துக்கு மேலே ஓர் இடத்தில் மட்டும் 31. கான்கிரீட் கொட்டும்போது அங்கே யாரோ கம்பியை மிதித்திருக்கிறார்கள். அந்த இடத்தை வரைபடத்தில் சிவப்பு மையால் வட்டமிட்டு, தேதி போட்டு, அத்தை வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் இரும்புப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். பத்து வருடத்துக்கு ஒருமுறை மின்வாயை வைத்துப் பார்க்கும்போது முதலில் அங்கே வைக்கவேண்டும் என்று மச்சானுக்கும் எழுதி அனுப்பியாயிற்று.